இளஞ்சிவப்பு நிற்காத கிணறு

ஸ்ரெல்லா ரீச்சர் காலமான செய்தியை எனக்கு ஒரு மதில் சொன்னது. சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டு சைக்கிளை உருட்டி வெளியே வந்தபோது, ஒருவர் சுவரொட்டி ஒட்டிக்கொண்டு நின்றார். கோதுமை மாப் பசை. கூப்பன் மாவுக்குச் சனம் வெயிலில் வரிசையில் நிற்கும் காலத்தில் ஒரு வாளி நிறைய மாப் பசை. ‘கண்ணீர் அஞ்சலி’ என்று மேலே போட்டு, எங்கள் ஊர் ரியூட்டரியின், அதாவது தனியார் வகுப்பு நிலையத்தின், பெயரைத் தாளின் அரைவாசிக்கு அடித்திருந்தார்கள். ரீச்சரின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ‘இரசாயன வானின் துருவ நட்சத்திரம் செல்வி ஸ்ரெல்லா அந்தோனிப்பிள்ளை.’ மறைவு பருத்தித்துறையில், நல்லடக்கம் அன்று பின்னேரம்.

எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, அருவருப்பு. அந்த ரியூட்டரியின் நிர்வாகி திரு. தில்லையம்பலம் அவர்கள்தான் ரீச்சரை எங்கள் ஊரிலிருந்து துரத்தியவர். துரத்தியவர் செலவிலேயே கண்ணீரும் அச்சாகி ஒட்டுப்படுகிறது. வெங்காயப் பையைத் தெரிந்த கடையில் வைத்துவிட்டு அப்படியே பருத்தித்துறைக்கு மிதித்தேன்.

ரீச்சரை அவருடைய தம்பி யேசுதாசனின் வாடகை வீட்டு விறாந்தையில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைச் சேலை, கையில் செபமாலை. நான் பார்த்தது விரல்களை. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் அறிந்த அந்த விரல்கள் நுனியிலிருந்து பாதி வரை எப்போதும் கபில நிறம். பரமங்கனேற்று என்ற ஊதா இரசாயனம் தோலில் பட்டால் விடுகிற கறை அது. இப்போது அவை வெளிறிச் சுத்தமாக இருந்தன. யேசுதாசனைக் கேட்டேன். தேசிக்காயைப் பிழிந்து, அந்தப் புளிப்பில் தேய்த்தார்களாம்.

“சனம் வந்து பாக்கிறது மாஸ்ரர். கை அழுக்கெண்டு கதைப்பினமெல்லோ” என்றார் அவர்.

அவரில் எனக்குக் கோபமில்லை. அக்காவைப் பறிகொடுத்த மனிதர். மூச்சு இழுக்கும் முட்டு வருத்தம் கூடி மூன்று நாள் ஆசுபத்திரியில் கிடந்திருக்கிறார் ரீச்சர். டொக்டர் இருந்தார், பொருளாதாரத் தடையில் மருந்துதான் இல்லை. கொழும்பில் எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய மருந்து. ஆனால் செத்த பிறகும் ஒரு மனிசியின் கையைத் தேய்த்து வெளுக்க வைக்கும் அந்தச் ‘சனம்’ இருக்கிறதே, அதை நினைக்க அருவருப்பாக இருந்தது. அந்தச் சனத்தின் தலைவர் தில்லையம்பலம் அவர்கள் அதற்குள் வாடகை வானில் மலர்வளையத்தோடு வந்து இறங்கி, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நினைவு மலர் ஒண்டு போடுறம் மாஸ்ரர். நீங்கள்தான் கன காலம் பழகினனீங்கள். ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. அந்தக் கிணத்துக் கதையை மட்டும் விட்டிடுங்கோ. செத்த நேரத்திலை உதெல்லாம் என்னத்துக்கு.”

அந்தக் கிணற்றை விட்டுவிட்டு ரீச்சரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. ஆகவே இது அந்த மலரில் வராது. ரீச்சரிடம் படித்தவர்கள் சிலர் றோணியோ இயந்திர மை கொஞ்சம் வைத்திருக்கிறார்கள். படி எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்குமாக எழுதுகிறேன்.

ரீச்சர் குருநகரில் பிறந்தவர். தகப்பனார் கடற்றொழில் செய்த வேதக்காரர், கத்தோலிக்கர். கொழும்பில் படிப்பித்துக்கொண்டிருந்தவர், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அங்கே இருந்த அறை எரிந்துபோகக் காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டே எங்கள் பாடசாலைக்கு இரசாயனவியல் ஆசிரியையாக நியமனம் கிடைத்தது. நான் அங்கே பௌதிகவியல் ஆசிரியன். கொழும்பில் நடந்ததைப் பற்றி அவர் கதைத்ததில்லை. வந்த முதல் நாள் அவர் கேட்டது ஆய்வுகூடப் பூட்டின் திறப்பு எங்கே என்பதுதான். அதிபரின் மேசை லாச்சிக்குள் துருப்பிடித்துக் கிடந்தது.

அப்போது எங்கள் பாடசாலையில் இரசாயனம் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். நிலைக்கு நிலை நிறம் மாறும் தாண்டல் மூலகங்களின் ஒட்சியேற்ற எண்களைப் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு போல ராகத்தோடு சொல்வார்கள். இரும்புக்கு இரண்டு மூன்று, செம்புக்கு ஒன்று இரண்டு, மங்கனீசுக்கு இரண்டிலிருந்து ஏழு. அடுத்த வகுப்பில் நின்றால் தேவாரம் படிக்கிறார்கள் என்று நினைக்கலாம். பரீட்சையில் நல்ல புள்ளியும் வந்தது. அதனால் எல்லோருக்கும் திருப்தி.

ரீச்சர் வாசலில் நின்று அதை முழுதாகக் கேட்டார். பிறகு உள்ளே போய், “உதை ஆராவது கண்டனீங்களோ?” என்று கேட்டார். ஒருவரும் காணவில்லை. அலுமாரியில் அடியோடு ஒட்டிக் கிடந்த ஒரு போத்தல் கொண்டிசை எடுத்தார். கொண்டிஸ் என்று நாங்கள் சொல்வது பொற்றாசியம் பரமங்கனேற்றைத்தான், புண் கழுவ வீடுகளில் வைத்திருப்போமே அந்த ஊதாக் கட்டி. அதைத் தண்ணீரில் கரைத்து, காரம் கொஞ்சம் விட்டு, எங்கள் ஆசிரியர் அறைச் சீனியில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினார். ஊதா நீலமாகி, நீலம் பச்சையாகி, பச்சை கடைசியில் தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. ஒரே மங்கனீசு. பிள்ளைகள் வாங்கை விட்டு எழும்பிவிட்டார்கள்.

இதில் எது மங்கனீசின் உண்மையான நிறம் என்று ஒரு மாணவி கேட்டாள். ரீச்சர் சொன்ன மறுமொழியை அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னார். எனக்கே மனப்பாடம்.

“எல்லாம் உண்மைதான். ஏழிலை நிண்டது நாலுக்கு இறங்கியிருக்கு. இறங்கினதெண்டால் எலத்திரன் வாங்கியிருக்கு. அது வானத்தாலை விழேல்லை, ஆரோ குடுத்திருக்கினம். நிறம் மாறினால் வாயைப் பிளந்துகொண்டு நிக்காதேங்கோ. குடுத்தது ஆரெண்டு தேடுங்கோ.”

ஆசிரியர் அறையில் அன்றைக்குப் பெரிய கதை நடந்தது. நிறம் மாறியதைப் பற்றியல்ல, சீனி போனதைப் பற்றி. சில நாளில் கதை சீனியை விட்டு ரீச்சரின் விரல்களுக்கு வந்தது. மீன் வெட்டின கை என்றார் ஒருவர். வேதக்காரியின் கோப்பையைப் புறம்பாக வையுங்கள் என்றார், நெற்றி நிறையத் திருநீறு பூசிய இன்னொருவர். ரீச்சரின் காதில் விழும்படிதான் சொன்னார். ரீச்சர் தன் கோப்பையைத் தானே எடுத்துக் கழுவி, ஆய்வுகூடத்தில் முகவைகளோடு கவிழ்த்து வைத்தார். பட்டம் பெற்ற மனிதர்கள். இவர்களோடு பல ஆண்டுகள் ஒரே அறையில் தேநீர் குடித்தேன் என்று நினைக்க இன்றைக்கும் நாக்கில் கசக்கிறது.

சண்டை பெருத்தது. கோட்டையிலிருந்து இராணுவம் ஷெல் அடிக்க அடிக்கக் குருநகர் காலியாகியது. யேசுதாசனின் வள்ளமும் போனது. தம்பி குடும்பத்தை ரீச்சர்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் தில்லையம்பலம் அவர்களின் ரியூட்டரியில் பின்னேர வகுப்பு எடுக்கச் சம்மதித்தார். நானும் அங்கே எடுத்தேன்.

கிடுகுக் கொட்டில், நீள வாங்குகள், ஒரு கொட்டிலில் கோவில் திருவிழா அளவு பிள்ளைகள். எங்கள் பாடசாலை மதிலுக்கு அந்தப் பக்கம் அந்த வளவு. தில்லையம்பலம் அவர்கள் ஒட்சியேற்ற எண்களை மனப்பாடம் செய்யத் தானே ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தார். ஆளைப் பார்த்தால் மெத்த மரியாதை. எந்தப் பக்கத்து ஆட்கள் வந்தாலும் அந்தப் பக்கத்துச் சிரிப்பு அவரிடம் இருக்கும். மனிதரும் ஒரு தாண்டல் மூலகம்தான், ஆளுக்கேற்றபடி நிறம், என்று ஒருநாள் ரீச்சரிடம் பகிடி விட்டேன். ரீச்சர் சிரிக்கவில்லை.

“மூலகத்தை அவமானப்படுத்தாதேங்கோ மாஸ்ரர். அது ஏன் மாறினதெண்டு சமன்பாடு எழுதிக் காட்டும்.”

தொண்ணூறில் மறுபடியும் சண்டை. மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்து வந்து எங்கள் பாடசாலையில் அகதி முகாமாகத் தங்கியது. வகுப்பறைகளில் குடும்பங்கள், மரத்தடியில் வகுப்புகள். பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி ஒன்றும் இல்லை. ஆய்வுகூடத்துக்கு எந்த இரசாயனமும் வராது. வெடிமருந்து செய்து போடுவோமாம். நியமிப்புச் செய்முறைக்கு, அளவியால் துளித்துளியாக விட்டு நிறம் நிற்கும் இடத்தைப் பார்க்க, பரமங்கனேற்று வேண்டும். கொண்டிஸ் போத்தல் எப்போதோ காலி. மற்றப் பாடசாலைகள் அளவியைக் கையில் பிடித்துக் காட்டிவிட்டு, “இப்போது ஊதா நிறம் நிலைத்து நிற்கும்” என்று எழுதிப் போட்டுக்கொண்டிருந்தன.

ரீச்சர் பிள்ளைகளிடம் செத்த பற்றறிகளைக் கொண்டுவரச் சொன்னார். ரோர்ச் பற்றறி, ரேடியோப் பற்றறி, வீட்டுக்கு வீடு வெயிலில் காயவைத்துக் காயவைத்துக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சி எறிந்தவை. உடைத்தால் உள்ளே கரிக் குச்சியைச் சுற்றிக் கறுத்த களி. அந்தக் களியில் மங்கனீசு நாலாம் நிலையில் இருக்கிறது. அலுமாரி மூலையில் கிடந்த பழைய பொற்றாசுக் காரத்தோடு அதைக் கலந்து, ஆய்வுகூடத்துக்குப் பின்னால் ஓர் இரும்புச் சட்டியில், சிரட்டைக் கரி நெருப்பில், நாட்கணக்காக வறுத்தார். புகை அவருடைய நெஞ்சுக்கு ஆகாது. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு இருமி இருமிக் கிண்டினார். பிள்ளைகளைக் கிட்ட விடவில்லை. தூர நின்று பார்க்கச் சொன்னார்.

மூன்றாம் முறைதான் சரிவந்தது. சட்டியில் இருந்ததில் ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீரில் போட, தண்ணீர் கடும் பச்சையாகியது. ஆறாம் நிலை. அதை ஒரு குழாய்க்குள் விட்டு, வைக்கோலைச் செருகி வாயால் மெல்ல ஊதினார் ரீச்சர். மூச்சுக் காற்றின் அமிலம் பட்டுப் பச்சை மெல்ல மெல்ல ஊதாவாகியது. ஏழு. தடை போட்டவர்களுக்கும் தெரியாது, தடையில் காசு பார்த்த முதலாளிகளுக்கும் தெரியாது, குப்பையிலிருந்து பரமங்கனேற்று வந்துவிட்டது. ரீச்சர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். சிரிப்பு இருமலாக மாறியது; இருமல் நெடுநேரம் ஓயவில்லை.

மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு மருந்துப் போத்தல் அளவு கட்டி சேர்ந்தது. அந்த ஆண்டுப் பிள்ளைகளின் செய்முறை முழுவதும் அந்தப் போத்தலுக்குள் இருந்தது.

அடுத்த மாரியில் முகாமில் வயிற்றோட்டம் தொடங்கியது. முதலில் குழந்தைகள், பிறகு கிழடுகள். சுகாதாரப் பரிசோதகர் வந்து கையை விரித்தார், கிணற்றுக்குப் போடப் பிளீச்சிங் பவுடர் கிடையாது. முகாமுக்கும் பாடசாலைக்கும் அயலுக்கும் அந்த ஒரு கிணறுதான் நல்ல தண்ணீர்க் கிணறு. பார்க்கக் கண்ணாடி போலத் தெளிவு. ரீச்சர் ஒரு பிற்பகல் அந்தப் போத்தலோடு கிணற்றடிக்கு வந்தார். செய்முறைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “பிள்ளையள் இருந்தால்தானே செய்முறை” என்றார். அதிபரிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டார். கிணறு றோஸ் நிறமானது. விடிய வரை அந்த நிறம் நின்றால் தண்ணீர் சரி, அதற்கு முன் குடிக்க வேண்டாம் என்று முகாம் முழுக்கச் சொல்லி வைத்தார்.

விடிந்தபோது கிணறு பழுப்பாகக் கிடந்தது.

இதைத்தான் எங்கள் ஊர் விளங்கிக்கொள்ளவில்லை. நேற்று வரை கண்ணாடி போல இருந்த தண்ணீர், ரீச்சர் கொட்டிய பிறகு சேற்று நிறம். அப்படியானால் கெடுத்தது யார்? கொட்டியவர்தான். கண்ணுக்குத் தெரிந்த ஊத்தை ஊத்தை, கண்ணுக்குத் தெரியாதது சுத்தம். இதுதான் எங்கள் ஊரின் விஞ்ஞானம். தண்ணீருக்குள் இருந்த அசுத்தம்தான் மங்கனீசை ஏழிலிருந்து நாலுக்கு இறக்கியிருக்கிறது, பழுப்பு அதற்குச் சாட்சி என்று ரீச்சர் கிணற்றுக் கட்டில் நின்று விளக்கினார். கூடி நின்றவர்களுக்கு அது ஏறவில்லை. மயிலிட்டியிலிருந்து வந்த இராசமணி என்ற தாய், வயிற்றோட்டத்தில் வாடிய மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, “என்ரை பிள்ளை குடிக்கிற தண்ணியுக்கை என்னத்தையடி கொட்டினனி?” என்று கேட்டுக் கையை ஓங்கினார். பிள்ளை வருத்தத்தில் கிடக்கிற தாய். ரீச்சர் விலகாமல் அப்படியே நின்றார்.

அன்றே ரீச்சர் அயல் கிணறுகளிலும் தண்ணீர் எடுத்தார். ஒரே அளவு ஜாம் போத்தல்கள், மருந்துப் போத்தலின் அடியில் மிஞ்சிய கொண்டிஸ் ஒரே அளவு. ஒப்பிட ஒன்று இல்லாமல் ஒன்றையும் நம்பக்கூடாது என்பது அவருடைய கட்டளை. எட்ட இருந்த கிணறுகளின் தண்ணீரில் நிறம் அப்படியே நின்றது. ரியூட்டரி மதிலுக்குக் கிட்டக் கிட்டப் பழுப்பு வேகமாக வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் முந்தியது. மதிலுக்கு அந்தப் பக்கத்தில், கிணற்றிலிருந்து ஒரு கல்லெறி தூரம்கூட இல்லாமல், ரியூட்டரிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே கக்கூசுக் குழி. அடியில் சுண்ணாம்புக் கல். மழைக்கு நிலத்தடி நீர் ஏற, குழி கிணற்றுக்குள் கசிகிறது. நாங்கள் எல்லோரும் எங்கள் பிள்ளைகளின் மலத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். இதை நாகரிகமாகச் சொல்ல வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

போத்தல்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு தில்லையம்பலம் அவர்களிடம் போனோம். அவர் ஒவ்வொரு போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்து வடிவாகப் பார்த்தார். கேள்விகள் கேட்டார். நல்ல கேள்விகள்.

“குழியை மூடுங்கோ. வளவின்ரை மற்றத் தொங்கலிலை, கிணத்துக்குத் தூரமா, ஒண்டை வெட்டுங்கோ” என்றார் ரீச்சர்.

உடனே செய்கிறேன் என்றார் அவர். எங்களை வாசல் வரை வந்து அனுப்பினார்.

மறுநாள் ஊர் முழுக்க ஒரே கதை. வேதக்காரி கிணற்றுக்குள் மருந்து போட்டுவிட்டாள், இப்போது பழியை மற்றவர் மேல் போடுகிறாள். கதை எந்த வளவிலிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்கப் போத்தல் ஒன்றும் தேவைப்படவில்லை. கிணற்றை இறைத்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கும்பம் வைத்து, ஐயரைக் கொண்டு தீட்டுக் கழித்தார்கள். புதுத் தண்ணீர் தெளிவாக ஊறியது. எல்லோரும் கைகூப்பிவிட்டுக் குடித்தார்கள். குழி அப்படியே இருந்தது. ரீச்சருக்கு ரியூட்டரி வகுப்பு போனது, அந்த மாதமே பருத்தித்துறைக்கு மாற்றமும் வந்தது. நான் அதிபரோடு கத்தினேன், திணைக்களத்தில் கத்தினேன், ரியூட்டரியை விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

ரியூட்டரியை விட்ட கிழமையில் ஒன்று கண்டேன். தில்லையம்பலம் அவர்களின் மேசையில் ஒரு பிளாஸ்க் புதிதாக வந்திருந்தது. அதுவரை அவரும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார். அன்று தொடக்கம் உடுவிலில் இருக்கிற தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிளாஸ்க்கில் கொண்டுவந்தார். அங்கே படிக்கிற பிள்ளைகள் சொல்ல அறிந்தேன், ஒருநாளும் தவறியதில்லை. ரீச்சர் சொன்னதை அவர் நம்பவில்லை என்று ஊர் நினைத்தது. ஊரிலேயே ரீச்சரை முழுதாக நம்பியவர் அவர் ஒருவர்தான். நம்பிவிட்டு, தன் தண்ணீரை மட்டும் மாற்றினார். குழிக்கு மேல் அடுத்த ஆண்டு இன்னொரு கக்கூசுக் கொட்டில் போட்டார்.

அதற்கு அடுத்த மாரியில் இராசமணியின் மகள் அதே வயிற்றோட்டத்தில் இறந்துபோனாள். நான் பருத்தித்துறைக்குப் போய் ரீச்சரிடம் சொன்னேன். கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, “குழி மூடினவையோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “சத்தி வருது மாஸ்ரர்” என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் படலை திறக்கும் சத்தத்துக்கு வெளியே வந்து அவர் முதலில் கேட்பது அதைத்தான். வாருங்கள் என்பதற்கு முன், இருங்கள் என்பதற்கு முன். “குழி மூடினவையோ?” நான் இல்லையென்று தலையாட்டுவேன். தேநீர் வரும். அங்கேயும் பிள்ளைகளுக்குச் செத்த பற்றறியில் கொண்டிஸ் செய்துகொண்டிருந்தார், நெஞ்சு விசிலடிக்க விசிலடிக்க. தை மாதம் போனபோது எழும்பி வர முடியாமல் கதிரையில் இருந்தபடி கேட்டார். அப்போதும் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

அடக்கம் முடிந்து புறப்படும்போது யேசுதாசன் ஒரு சின்னக் குப்பியை என் கையில் வைத்தார். அடியில் ஊதாக் கட்டிகள். “அக்கா உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ. தேவைப்படுமாம்.”

நேற்றுப் பின்னேரம் ரியூட்டரியில் அஞ்சலிக் கூட்டம். நான் போனேன். போகும் வழியில் ஊரின் மற்றத் தொங்கலில் ஒரு கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்தேன். ரீச்சரின் படத்துக்கு முன்னால் இருந்த மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளைகள் வைத்தேன். ஒன்றில் அந்தப் போத்தல் தண்ணீர். மற்றதில், கூட்டத்துக்கு வந்தவர்கள் குடிக்கக் கூஜாவில் வைத்திருந்த பாடசாலைக் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் குப்பியிலிருந்து ஒவ்வொரு மணி. ரீச்சருக்குப் பிடித்த நிறம் என்று சொன்னேன். பூவுக்குப் பக்கத்தில் அழகாகத்தான் இருந்தது. ஒருவரும் தடுக்கவில்லை.

தில்லையம்பலம் அவர்கள் பேச எழுந்தபோது இரண்டும் ஒரே இளஞ்சிவப்பு. ரீச்சரின் தியாகத்தைச் சொன்னார். தன் நிறுவனத்தின் வளர்ச்சியைச் சொன்னார். ஆய்வுகூடமே அவருக்குக் கோவில் என்றார். இடையிடையே பிளாஸ்க்கைத் திறந்து தொண்டையை நனைத்தார். வலப்பக்கத்தில் இருந்த பாடசாலைக் கிணற்றுக் குவளையின் நிறம் மங்கி, செம்மஞ்சளாகி, பழுப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது. பின் வாங்குகளில் ரீச்சரிடம் படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சமன்பாடு தெரியும். அங்கே முணுமுணுப்பு எழுந்தது. கையில் தண்ணீர் வைத்திருந்தவர்கள் அதைக் காலடியில் வைத்தார்கள். பேச்சு மட்டும் நடந்துகொண்டிருந்தது.

தேநீர் கொடுக்க முகாமிலிருந்து பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்களில் இராசமணியும் ஒருவர். தட்டத்தோடு மேசையடிக்கு வந்தவர் நின்றுவிட்டார். அன்று கிணற்றடியில் கண்ட நிறம் அவருக்கு மறந்திருக்காது.

“மாஸ்ரர், உந்த ரெண்டுக்கையும் ஒரே மருந்தோ போட்டனீங்கள்?” என்று மெல்லக் கேட்டார்.

ஓம் என்றேன். பழுப்பானது உங்கள் கிணற்றுத் தண்ணீர் என்றும், மற்றது வேறு கிணறு என்றும் சொன்னேன்.

இராசமணி இரண்டு குவளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் இரசாயனம் படித்தவரல்ல. ஒரே மருந்து, இரண்டு தண்ணீர், இரண்டு நிறம். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது காட்டினால் போதும். அன்றைக்குக் கிணற்றுக் கட்டில் ஒரு கிணறுதான் இருந்தது. ரீச்சர் ஜாம் போத்தல்களோடு மறுபடி முகாமுக்கு வருமுன் கதை முந்திவிட்டது.

“அப்ப அவ போட்டதாலை இல்லை” என்றார் இராசமணி. “என்ரை பிள்ளை...”

தட்டத்தை மேசையில் வைத்தார். கூஜாவிலிருந்து ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வார்த்தார். கொண்டிஸ் போடாத, கண்ணாடி போன்ற, தெளிந்த தண்ணீர். கொண்டுபோய்ப் பேசிக்கொண்டிருந்தவருக்கு முன்னால், அந்தப் பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

“குடியுங்கோ ஐயா.”

தில்லையம்பலம் அவர்கள் தம்ளரைப் பார்த்தார். சிரித்தார். பிறகு குடிக்கலாம் என்றார். இராசமணி அசையவில்லை. “எங்கடை பிள்ளையள் குடிக்கிற தண்ணிதானே. குடியுங்கோ” என்றார் மறுபடியும், அதே குரலில். தில்லையம்பலம் அவர்கள் குடிக்கவில்லை. பேச்சுத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பிளாஸ்க்கை மறக்காமல் எடுத்துக்கொண்டு, பின்பக்கத்தால் இறங்கிப் போனார். அந்த நேரத்திலும் பிளாஸ்க்கை எடுத்தார் பாருங்கள். அதைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை.

இன்று காலை பாடசாலையில் இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் அலவாங்கு கல்லில் படும் சத்தம் கேட்கிறது. முகாம் ஆண்களும் ரீச்சரின் பழைய மாணவர்களும் விடியவே வந்து கக்கூசுக் கொட்டிலைப் பிரித்துவிட்டார்கள். சுண்ணாம்பும் கல்லும் கொட்டிக் குழியை நிரப்புகிறார்கள். இராசமணி கடகத்தில் மண் சுமக்கிறார். தில்லையம்பலம் அவர்கள் காலையிலேயே வந்து, இது தானே தொடக்கிய வேலை என்பது போல மேற்பார்வை செய்துகொண்டு நிற்கிறார். நான் காறித் துப்பிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

நேற்றுக் கூட்டம் கலைந்த பிறகு இரண்டு குவளைகளையும் நான்தான் எடுத்து வந்தேன். ஒன்று கழுவக் கழுவப் பளிச்சென்று வந்துவிட்டது. மற்றதன் உட்புறத்தில் கபில நிறக் கறை வளையமாகப் பிடித்திருக்கிறது, ரீச்சரின் விரல் நிறம். தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். நான் தேய்க்கவில்லை. எழுதுகிற மேசையில் என் முன்னால் வைத்திருக்கிறேன்.

ஓம் ரீச்சர், மூடுகிறார்கள். போய் வாருங்கள்.